கின்பாக்கு: கட்டப்பட்டவர் பேசாமல் இருக்கும்போது எதைக் கவனிப்பது?

#1 சணல்வாசம்

எல்லோருக்கும் வணக்கம். வேலைக்காக டோக்கியோ வந்து ஆறு வருடம் ஆகிறது. அதில் கடைசி இரண்டு வருடமாக ஷிபாரி பழகுகிறேன், கட்டப்படுபவளாக. கயிற்றால் உடம்பைக் கட்டும் ஜப்பானியக் கலை அது, கின்பாக்கு என்றும் சொல்வார்கள். இங்கே அதற்கு 'உகேதே' என்பார்கள், வாங்கிக்கொள்பவர் என்று பொருள். கட்டுபவர் 'பாகுஷி'. போன மாதம் நடந்ததைச் சொல்லிவிட்டு உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்.

எனக்கு நன்றாகப் பழக்கமான ஒருவர்தான் கட்டினார். தகாதே கோதே கட்டு. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மடித்து, மேற்கைகளையும் மார்பையும் சேர்த்து மேலே ஒரு சுற்று, கீழே ஒரு சுற்று என்று கயிற்றைக் கொண்டுபோவது. பாதியில் குனிந்து "தாய்ஜோபு?" என்று கேட்டார், ஒன்றும் பிரச்சினை இல்லையே என்று. "தாய்ஜோபு" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டார், மறுபடியும் அதே பதில். அப்போது என் இடது கட்டைவிரல் எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை. ஆனால் வலி இல்லை. வலி இல்லாததால் சொல்வதற்கு எதுவும் இல்லை என்று நினைத்துவிட்டேன்.

அவிழ்த்து முடித்ததும் தேநீர்க் கோப்பையை எடுக்கப் போனேன். மணிக்கட்டு மேலே வரவில்லை. கை அப்படியே தொங்கியது. அது சரியாவதற்கு மூன்று வாரம் பிடித்தது.

அவர் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது, நான் பதில் சொல்லவில்லை என்றும் சொல்ல முடியாது. இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும், 'தாய்ஜோபு' என்பதைக் கடையில் பை வேண்டாம் என்பதற்கும் சொல்வோம், கீழே விழுந்து முட்டி பெயர்ந்தாலும் சொல்வோம். நம் ஊர்ப் "பரவாயில்லை" மாதிரி. யோசிக்காமலே வாயில் வந்துவிடும்.

என் கேள்வி இதுதான். வாய் இப்படி ஏமாற்றும் என்றால், கட்டுபவர் உடம்பில் எதைப் பார்க்க வேண்டும்? கட்டப்படுபவர் எதை எப்படிக் காட்டப் பழக வேண்டும்?

#2 மட்டுறுத்துநர்

தோழி, எழுதியதற்கு நன்றி. இந்த இழை வயது வந்தோருக்கானது. படங்கள் வேண்டாம். இங்கே படித்ததை மட்டும் வைத்து யாரும் கட்டிப் பார்க்க வேண்டாம், ஆளிடம் நேரில் பழகுங்கள்.

#3 ஒசாகா_அண்ணாச்சி

தங்கச்சி, முதலில் உன் கை இப்போது முழுதாகச் சரியாகிவிட்டதா? அதைச் சொல்.

நான் பதினோரு வருடமாகக் கட்டுகிறேன். எனக்கும் ஒரு தடவை இப்படி நடந்திருக்கிறது, என் கயிற்றில் இருந்தவருக்கு. அதற்குப் பிறகு என் பழக்கத்தையே மாற்றிக்கொண்டேன், அதைச் சொல்கிறேன்.

நான் வாயால் கேட்பதைக் குறைத்தேன், கையால் கேட்க ஆரம்பித்தேன். பின்னால் மடிந்திருக்கும் அவர் உள்ளங்கையில் என் இரண்டு விரல்களை வைப்பேன். அவர் அழுத்த வேண்டும். முதல் சுற்று போடுவதற்கு முன்னால், கயிறே இல்லாதபோது ஒரு தடவை அழுத்தச் சொல்லி அந்த பலத்தை மனதில் வாங்கிக்கொள்வேன். அப்புறம் ஒவ்வொரு கட்டத்திலும் அதோடு ஒப்பிடுவேன். ஒரு கை சீக்கிரமாகப் பதில் தருகிறது, இன்னொரு கை ஒரு நொடி தாமதிக்கிறது என்றால் அந்த ஒரு நொடியே எனக்குப் போதும், அவிழ்த்துவிடுவேன்.

அடுத்தது மூச்சு. எல்லோரும் சொல்வார்கள், ஆனால் முகத்தைப் பார்த்தபடி மூச்சைக் கவனிக்க முடியாது. அவருக்குப் பின்னால் முழங்காலிட்டு உட்கார்ந்து, என் மார்பு அவர் முதுகில் பட்டும் படாமலும் இருக்கும்படி வைத்துக்கொண்டால் விலா எலும்பு விரிவது தெரியும். கயிற்றை இழுப்பது அவர் மூச்சை விடும்போது. நிறைய உள்ளே இழுத்திருக்கும்போது சுற்றினால் கயிறு தளர்ந்துவிடும். முழுதாக விட்டிருக்கும்போது பிடித்து இறுக்கினால் அடுத்த மூச்சுக்கு இடம் இருக்காது. பாதியில் பிடிக்க வேண்டும். அதற்குக் காதும் தோலும்தான் வேண்டும், கண் அவ்வளவாக உதவாது.

இன்னொன்று, கயிறே பேசும். நாங்கள் பயன்படுத்துவது ஆறு மில்லிமீட்டர் சணல், ஏழெட்டு மீட்டர் நீளம், இரண்டாக மடித்து. மெல்லிய கயிறுதான். ஒருவர் உடம்பை இறுக்கினால், அந்த இறுக்கம் கயிறு வழியாக என் இடது கைக்கு வந்துவிடும். தூண்டிலில் மீன் தொடுவது மாதிரி, சின்னதாக ஒரு துடிப்பு. கயிற்றைச் சரசரவென்று வேகமாக இழுப்பவர்களுக்கு அது தெரியவே தெரியாது.

#4 சணல்வாசம்

அண்ணா, கை இப்போது நன்றாக இருக்கிறது. கட்டைவிரலை நிமிர்த்தினால் கடைசி மில்லிமீட்டரில் மட்டும் சின்னத் தயக்கம். கேட்டதற்கு நன்றி.

#5 நரம்புக்காரி

நான் பிசியோதெரபிஸ்ட். கயிறு பற்றி எனக்கு அனுபவம் கிடையாது. ஆனால் #1 எழுதியிருப்பது எனக்கு அன்றாடம் தெரிந்த விஷயம், அதனால் எழுதுகிறேன்.

தோழி, உங்களுக்கு அடிபட்டது ரேடியல் நரம்பு. மேற்கை எலும்பைச் சுற்றிக்கொண்டு பின்புறத்திலிருந்து வெளிப்புறத்துக்கு வரும் நரம்பு அது. தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில், வெளிப்பக்கத்தில், எலும்போடு ஒட்டி ஓடும். அங்கே மேலிருந்து எதை வைத்து அழுத்தினாலும் நரம்பு எலும்புக்கும் அதற்கும் நடுவில் நசுங்கும். குடித்துவிட்டு நாற்காலியின் முதுகில் கையைத் தொங்கப்போட்டுத் தூங்கியவர்கள் காலையில் எழுந்து மணிக்கட்டைத் தூக்க முடியாமல் எங்களிடம் வருவார்கள். அதே நரம்பு, அதே இடம்.

இதில் முக்கியமானது நீங்களே சொன்ன ஒன்று: வலி இல்லை. நரம்பு நசுங்கும்போது எப்போதும் வலிக்கும் என்று நினைக்காதீர்கள். மரத்துப்போவது, ஊசி குத்துவது மாதிரி ஒரு கூச்சம், விரல் இருக்கும் இடம் தெரியாமல் போவது, பலம் குறைவது, இவைதான் வரும். சில சமயம் பலம் மட்டும் போகும், உணர்ச்சி அப்படியே இருக்கும். அதனால் "வலிக்கிறதா?" என்பது தப்பான கேள்வி.

கை நீலமாகிறதா, சில்லென்று இருக்கிறதா என்று நிறையப் பேர் பார்ப்பார்கள். அது ரத்த ஓட்டம். பார்க்க வேண்டியதுதான், ஆனால் நரம்பு வேறு. கை நல்ல நிறத்தில் வெதுவெதுப்பாக இருக்கும்போதே நரம்பு அடிபடலாம்.

ஒசாகா அண்ணாச்சி சொன்ன விரல் அழுத்தலில் ஒரு திருத்தம், தயவுசெய்து தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். விரலை மடக்கி அழுத்துவது பெரும்பாலும் வேறு இரண்டு நரம்புகளின் வேலை. ரேடியல் நரம்பு செய்வது நிமிர்த்துவது. ஆகவே அழுத்தச் சொல்வதோடு நிறுத்தாமல், மணிக்கட்டைப் பின்பக்கமாக நிமிர்த்தச் சொல்லுங்கள், கட்டைவிரலை 'சபாஷ்' காட்டுவது போலத் தூக்கச் சொல்லுங்கள். உங்கள் விரலை எதிராக வைத்து அந்த பலத்தை உணருங்கள். தொட்டுப் பார்ப்பதற்குப் புறங்கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் சதைப்பகுதி. சுண்டுவிரல் மரத்துப்போனால் அது வேறு நரம்பு, முழங்கையைப் பாருங்கள்.

#6 ஒசாகா_அண்ணாச்சி

தவறாக எடுத்துக்கொள்வதா! பதினோரு வருடமாக அழுத்தச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், நிமிர்த்தச் சொன்னதே இல்லை. இன்றிலிருந்து இரண்டும். உங்களுக்குக் கோடி நன்றி அம்மா.

#7 வெண்பனி

மன்னிக்கவும், நான் கொஞ்சம் மாறுபடுகிறேன்.

கின்பாக்குவை இப்படி மருத்துவப் பரிசோதனையாக்கிவிட்டால் அதன் உயிர் எங்கே? ஜப்பானியர்கள் 'மா' என்று ஒன்றைச் சொல்வார்கள், இரண்டு அசைவுக்கு நடுவில் இருக்கும் வெற்றிடம். கயிற்றை ஒரு சுற்று போட்டுவிட்டு, கையை எடுக்காமல், எதுவும் செய்யாமல் இருக்கும் அந்த நேரத்தில்தான் எல்லாமே நடக்கிறது. அங்கே போய்க் கட்டைவிரலைத் தூக்கு என்றால் அது கலைந்துவிடும். 'கூக்கி ஓ யோமு' என்பார்கள், காற்றைப் படிப்பது. சொல்லாமலே புரிந்துகொள்வதற்கு 'இஷின் தென்ஷின்'. அந்த நாட்டுக் கலை அந்த நாட்டுப் பண்பிலிருந்து வந்தது. பழைய ஆசான்கள் இப்படி நிமிடத்துக்கு நிமிடம் கேட்டுக்கொண்டா இருந்தார்கள்? நம்மிடமே 'குறிப்பறிதல்' என்று ஒரு சொல் இருக்கிறதே. கேட்டுத் தெரிந்துகொள்வதற்கா அந்தச் சொல் வந்தது?

உடம்பு பொய் சொல்லாது. படிக்கத் தெரிந்தவன் கட்டட்டும், தெரியாதவன் கட்ட வேண்டாம்.

#8 சணல்வாசம்

வெண்பனி, உடம்பு பொய் சொல்லாது என்கிறீர்கள். சொல்லும். என் உடம்பு அன்றைக்குச் சொன்னது. கை செயலிழந்துகொண்டிருந்தபோது நான் தளர்ந்து, தலையைச் சாய்த்து, மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். அவர் அதைப் பார்த்து நான் ஆழமாக மூழ்கிவிட்டேன் என்று புரிந்துகொண்டார். நானும் மூழ்கித்தான் இருந்தேன். இரண்டும் ஒரே சமயத்தில் உண்மை. மனம் சுகமாக இருந்தது, நரம்பு நசுங்கிக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் காட்சி ஒன்றுதான்.

காற்றைப் படிப்பது பற்றி: நான் தினமும் இங்கே அலுவலகத்தில் காற்றைப் படித்துத்தான் பிழைக்கிறேன். எனக்குத் தெரிந்தவரை அந்தப் பண்பு எப்போதும் கீழே இருப்பவரின் தலையில்தான் விழும். மேலே இருப்பவர் காற்றை உண்டாக்குவார், கீழே இருப்பவர் படிக்க வேண்டும். கயிற்றிலும் அதுதான் நடந்தது. அவர் என்னைப் படித்ததைவிட நான் அவரைத்தான் அதிகம் படித்துக்கொண்டிருந்தேன். நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது, நான் வாய் திறந்து கெடுத்துவிடக் கூடாது என்று. அந்த "தாய்ஜோபு" அங்கிருந்துதான் வந்தது.

பிறகு, அந்த நாட்டுப் பண்பு என்று நிறுத்திவிடாதீர்கள். அந்த நாடே சட்டத்தை மாற்றியிருக்கிறது. 2023 ஜூலை 13 முதல் ஜப்பானியத் தண்டனைச் சட்டத்தில் 'கட்டாயப் பாலுறவு' என்ற குற்றத்தின் பெயரே 'ஒப்புதலற்ற பாலுறவு' என்று ஆகிவிட்டது. வேண்டாம் என்று எண்ணவோ, சொல்லவோ, அதன்படி நடக்கவோ முடியாத நிலைகள் என்று எட்டைப் பட்டியலிட்டிருக்கிறார்கள். எதிர்பாராத ஒன்றால் பயந்தோ திகைத்தோ போய் உறைந்துவிடுவதும் அதில் உண்டு. எதிரில் இருப்பவரின் செல்வாக்குக்கு அஞ்சி வாய் திறக்காமல் இருப்பதும் உண்டு. இந்த நிலைகளில் பேசாமல், அசையாமல் கிடப்பது சம்மதம் ஆகாது என்பதை டோக்கியோ நாடாளுமன்றமே எழுதி வைத்துவிட்டது.

#9 ஒசாகா_அண்ணாச்சி

பழைய ஆசான்கள் பற்றிக் கொஞ்சம் சொல்லலாம் என்று நினைக்கிறேன். ஏனென்றால் அவர்கள் பெயரை வைத்துத்தான் இந்த வாதம் எப்போதும் வரும்.

இந்தக் கட்டுகளின் வேர் எடோ காலத்தில் (1603–1868) கைதிகளைக் கட்டிய ஹோஜோஜுட்சு என்று எல்லோரும் சொல்வார்கள். சரிதான். ஆனால் அங்கே கட்டப்பட்டவன் என்ன நினைக்கிறான் என்பது யாருக்கும் தேவைப்படவில்லை. அந்த வேரிலிருந்து பேச்சுவார்த்தையைக் கற்றுக்கொள்ள முடியாது. அப்புறம் இத்தோ செய்யு (1882–1961) என்ற ஓவியர், அவர் மனைவியையும் மாடல்களையும் கட்டி வரைந்தார், படம் எடுத்தார். படம் காட்டுவது ஓவியர் பார்த்ததை. கட்டப்பட்டவர் என்ன உணர்ந்தார் என்பதற்குப் படத்தில் இடம் இல்லை. அப்புறம் வந்த, கட்டுப் படங்களை வெளியிட்ட பத்திரிகைகளின் காலமும் ஏறக்குறைய அப்படித்தான். நல்ல படம் வந்ததா என்பதே கேள்வி.

மாற்றம் என்று நான் நினைப்பது யுகிமுரா ஹருகி (1948–2016). அவர் பாணிக்கு 'ஐபுநாவா' என்று பெயர், வருடும் கயிறு. வதைக்கும் கயிறான 'செமெநாவா'வுக்கு மறுபக்கம். பெரும்பாலும் தரையிலேயே, குறைந்த கயிற்றில், மிக மெதுவாக. வெண்பனி சொல்லும் 'மா' அவரிடம்தான் நிறைய இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கவனியுங்கள், அவரால் அப்படி நிற்க முடிந்ததற்குக் காரணம் ஆள் தரையில் இருந்தார், கயிறு கொஞ்சமாக இருந்தது. அந்த மௌனத்தை எடுத்துக்கொண்டுபோய், ஆளைக் கூரையிலிருந்து தொங்கவிட்டு, மேற்கையில் முழு எடையும் இறங்கும்போது கடைப்பிடித்தால் அது மரபு ஆகாது.

இன்னொன்றும் தோன்றுகிறது. விரலைத் தூக்கச் சொன்னால் 'மா' கலையும் என்கிறீர்கள். நான் உள்ளங்கையில் விரல் வைப்பதும், அவர் அழுத்துவதும், அந்த அறையில் இருக்கும் நெருக்கமான விஷயங்களில் ஒன்று. பார்ப்பவர்களுக்கு அது தெரியக்கூடத் தெரியாது. எங்கள் இருவருக்கும் மட்டும் தெரியும்.

#10 கைமொழி

ரொம்ப நாளாக இங்கே படிக்க மட்டும்தான் செய்கிறேன், இன்றைக்குத்தான் எழுதுகிறேன். நகோயாவில் இருக்கிறேன். என் கணவர் ஜப்பானியர், காது கேளாதவர். எங்கள் வீட்டில் பேச்சு முழுக்க ஜப்பானிய சைகை மொழியில். கட்டுவது நான், கட்டப்படுவது அவர்.

முதல் தடவை ஆசையாக அவர் கைகளைப் பின்னால் கட்டினேன். கட்டி முடித்த அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது, நான் அவர் வாயைக் கட்டிவிட்டேன் என்று. முகத்தில் கேள்வி மட்டும் இருந்தது. சைகை மொழியில் முகம் இலக்கணம், கை சொல். கை இல்லாமல் முகம் மட்டும் இருந்தால் கேள்விக்குறி இருக்கும், கேள்வி இருக்காது. நானும் பின்னால் போனால் அவருக்கு என்னைப் பார்க்கவே முடியாது. இருட்டில் ஆளை விட்டுவிட்டுப் போன மாதிரி.

அவிழ்த்துவிட்டு அன்று இரவு முழுக்கப் பேசினோம். அப்புறம் நாங்கள் செய்துகொண்டவை இவை. அவருடைய ஒரு கையை எப்போதும் கட்டாமல் விடுவேன், அல்லது முன்னால் கட்டி விரல்களை விட்டுவிடுவேன். பின்னால்தான் கட்ட வேண்டும் என்றால் அவர் கையில் ஒரு சின்னக் கைக்குட்டை. அது விழுந்தால் நான் நிறுத்துவேன். அவர் வேண்டுமென்றே விட்டாரா, கை மரத்துத் தானாக விழுந்ததா என்பதெல்லாம் எனக்குத் தேவையில்லை. இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். என் ஒரு கை எப்போதும் அவர் உடம்பில் இருக்கும், அறையில் எங்கே நகர்ந்தாலும். கையை எடுக்கும் முன் இரண்டு தட்டு, "எடுக்கப் போகிறேன், போய்விடவில்லை" என்று அர்த்தம். அறையில் விளக்கைக் குறைப்பதில்லை. எதிரில் பெரிய கண்ணாடி இருக்கிறது, நான் பின்னால் இருந்தாலும் அதில் பார்த்துக்கொள்வோம்.

காது கேட்பவர்களுக்கு இதில் என்ன என்று கேட்கலாம். உங்களுக்கும் கட்டப்பட்டவரின் கைதான் பாதிப் பேச்சு. நம் ஆட்கள் கையை ஆட்டாமல் ஒரு வாக்கியம் பேசுவார்களா? அந்தக் கையைக் கட்டும்போது எவ்வளவு பேச்சு நின்றுபோகிறது என்பதை நாங்கள் முதல் நாளே தெரிந்துகொண்டோம், மற்றவர்களுக்குத் தெரியாமலே இருக்கிறது.

#11 சணல்வாசம்

கைமொழி அக்கா, கைக்குட்டை விழுந்த பிறகு காரணம் கேட்காமல் நிறுத்துவது என்றீர்களே, அதை நான் எழுதி வைத்துக்கொண்டேன். எனக்கு இருந்த பயமே "எதற்காக நிறுத்தினாய்" என்று விளக்க வேண்டுமே என்பதுதான்.

#12 புதுமுடிச்சு

நான் இப்போதுதான் ஆரம்பிக்கிறேன். சந்தேகம்: அழுதால் நிறுத்த வேண்டுமா? நான் பார்த்த ஒரு நிகழ்ச்சியில் கட்டப்பட்டவர் அழுதார், கட்டியவர் நிறுத்தவில்லை. முடிந்த பிறகு இருவரும் கட்டிப்பிடித்துச் சிரித்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

#13 ஒசாகா_அண்ணாச்சி

தம்பி, கண்ணீரை வைத்து எதையும் முடிவு பண்ணாதே. சிலருக்கு இறுக்கம் விலகும்போது வரும். சிலருக்கு வெட்கத்தில், சிலருக்கு நிஜமான வேதனையில். முன்பே பேசி வைத்திருந்தால் உனக்குத் தெரியும். பேசி வைக்கவில்லை என்றால் நிறுத்து, கேள். அந்த இருவரும் முன்பே பேசியிருப்பார்கள், நீ பார்த்தது பாதிதான்.

சிரிப்பும் அப்படியே. இங்கே சங்கடம் வந்தாலும் சிரிப்பார்கள், வலித்தாலும் சிரிப்பார்கள். சிரிப்பை நம்பி நான் ஏமாந்திருக்கிறேன்.

நான் பார்ப்பது கால்விரல். முகத்தை எல்லோருக்கும் அடக்கத் தெரியும், சின்ன வயதிலிருந்தே பழகியது. கால்விரலை அடக்க யாரும் சொல்லித் தரவில்லை. நன்றாகப் போகும்போது கால்விரல்கள் சுருண்டு விரியும், ஓர் ஓட்டம் இருக்கும். சுருண்டது சுருண்டபடியே நின்றுவிட்டால், வெளுத்து இறுகிப்போனால், என்ன என்று போய்ப் பார்ப்பேன். இதுவும் ஆளுக்கு ஆள் மாறும். முதல் சில சந்திப்புகளில் அவிழ்த்த பிறகு உட்கார்ந்து, "அந்த நேரத்தில் உன் கால் இப்படி இருந்தது, உள்ளே என்ன நடந்தது?" என்று கேட்பேன். அப்படித்தான் ஒவ்வொருவருக்கும் தனித்தனி அகராதி சேரும். ஒருவருடைய அகராதியை வைத்து இன்னொருவரைப் படித்தால் தப்பாகத்தான் போகும்.

#14 நரம்புக்காரி

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். கொட்டாவி. நின்றபடியோ தொங்கியபடியோ இருப்பவர் திடீரென்று கொட்டாவி விட்டு, உதடு வெளுத்து, நெற்றியில் குளிர்ந்த வியர்வை வந்து, பேச்சு குறைந்தால், அது சொக்கிப்போனது என்று நினைக்க வேண்டாம். மயக்கம் வரப் போகிறது. உடனே இறக்கிப் படுக்க வையுங்கள். கத்தரிக்கோல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், நுனி மழுங்கிய வகை.

#15 வெண்பனி

எல்லாவற்றையும் படித்தேன். #8 எழுதியது என்னை உறுத்துகிறது, குறிப்பாக யார் யாரைப் படிக்கிறார்கள் என்பது. நான் இதுவரை கட்டுபவனாக மட்டுமே இருந்தவன், ஒரு தடவைகூடக் கயிற்றின் அந்தப் பக்கம் உட்கார்ந்ததில்லை. 'மா' பற்றி நான் சொன்னதிலிருந்து பின்வாங்கவில்லை. ஆனால் அது என் பக்கத்திலிருந்து பார்த்த 'மா' என்பதை ஒத்துக்கொள்கிறேன். அடுத்த வாரம் நண்பர் ஒருவரிடம் என்னைக் கட்டச் சொல்லியிருக்கிறேன்.

#16 சணல்வாசம்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

அதே ஆளோடுதான் மறுபடி கட்டினோம். இந்த இழையை அவருக்காக நான் ஜப்பானிய மொழியில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன், இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. 'தாய்ஜோபு' என்ற சொல்லை இருவரும் விலக்கிவிட்டோம். அவர் கேட்கக் கூடாது, நான் சொல்லக் கூடாது. அதற்குப் பதில் அவர் என் புறங்கையில் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் தன் நகத்தால் ஒன்றோ, இரண்டோ, மூன்றோ கோடு போடுவார். எத்தனை கோடு என்று நான் கட்டைவிரலைத் தூக்கித் தூக்கிச் சொல்ல வேண்டும். உணர்ச்சி இருக்கிறதா, பலம் இருக்கிறதா, இரண்டும் ஒரே கேள்வியில். வலது கைக்கு ஒரு தடவை, இடது கைக்கு ஒரு தடவை.

தரையில்தான் கட்டினார், ததாமிப் பாய் மேல். கீழ்ச் சுற்று வந்ததும் இடது கையில் இரண்டு கோடு போட்டார். எனக்கு ஒன்றுதான் தெரிந்தது. ஒரு தடவை விரலைத் தூக்கினேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. "ஏன்", "நிச்சயமாகவா" எதுவும் இல்லை. கயிறு பின்பக்கம் தளர்வது தெரிந்தது, ஒரு சுற்று, இன்னொரு சுற்று, சணல் தோலிலிருந்து பிரியும்போது வரும் அந்தச் சின்னச் சத்தம். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, கயிற்றின் தடம் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டார். இருவரும் பேசாமல் அப்படியே கொஞ்ச நேரம் இருந்தோம். அப்புறம் மறுபடியும் இரண்டு கோடு போட்டார். இரண்டு தடவை தூக்கினேன்.

அன்றைக்கு அதற்கு மேல் கட்டவில்லை. தேநீர் போட்டுக் குடித்தோம். கோப்பையை இடது கையால்தான் எடுத்தேன்.